தலைப்புப் பக்கத்தைப் புரட்டுங்கள்

(பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களுக்காகத் திருவொற்றியூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இருப்புப் பதிவேடு, ஆண்டுச் சரிபார்ப்பு, கழிவு நீக்கப் படிவம் என்று காலையிலிருந்து கேட்டுக் களைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி. நாவலின் தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் பின்னால் பொடி எழுத்தில் ஒரு பக்கம் இருக்குமே, அதைப் பற்றி. பதிப்பு, விலை, அச்சகம், முகவரி என்று இருக்கும். நாம் யாரும் படிக்காத பக்கம் அது. நானும் படித்ததில்லை. படிக்காமல் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியில் ஓர் அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நூலக அலமாரிகள் இருந்த அறை. கிழிந்தவை, பூச்சி அரித்தவை, தாள் நொறுங்குபவை எல்லாவற்றையும் பட்டியல் போடச் சொன்னார்கள். தமிழாசிரியர் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து 312 புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டேன். வரிசை எண், நூலின் பெயர், ஆசிரியர், விலை என்று நான்கு பத்திகள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று தலைமையாசிரியர் பாராட்டினார். பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வந்தார். 94 கிலோ. கிலோ எட்டு ரூபாய். 752 ரூபாய்க்கு ரசீது ஒட்டி, கணக்கை முடித்தோம்.

ஒரு புத்தகம் மட்டும் அந்தத் தராசில் ஏறவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எடுத்துப்போய்த் திருப்பித் தராத புத்தகம். இரண்டு முறை கேட்டுவிட்டுக் ‘காணவில்லை’ என்று எழுதிவிட்டேன். மூன்று மாதம் கழித்து அவளே வந்தாள். புத்தகம் கையில் இருந்தது, தருகிற எண்ணம் இல்லை.

“மிஸ், இத்த இப்போ வாங்கிக்காதீங்க. ஆயா இன்னும் முடிக்கல. ஒரு டவுட்டு கேக்கத்தான் எடுத்தாந்தேன். இந்த ‘லை’ எதுக்கு மிஸ் இப்படி வளஞ்சிருக்கு?”

எண்ணூர்ப் பக்கம் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய உண்டு. இவளுடைய ஆயா ரங்கூனில் பிறந்து, அங்கேயே தமிழ் படித்து, 1960களில் கப்பலில் திரும்பியவர். கண் மங்கிவிட்டதால் பேத்தி படிக்க, ஆயா கேட்கிறார். பழைய ‘லை’, ‘னை’ வரும் இடங்களில் பேத்தி தடுமாறினால் ஆயா எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அது என்ன புத்தகம் என்று அப்போதுதான் வாங்கிப் பார்த்தேன். அட்டை போய், பழுப்பு காலிகோ பைண்டிங் போட்டு, முதுகில் கறுப்பு மையால் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள்: ‘புயலிலே ஒரு தோணி’. ப. சிங்காரம் எழுதியது. கலைஞன் பதிப்பகம், 1972. முதற் பதிப்பு.

சிங்காரம் எழுதியது இரண்டே நாவல்கள். இளமையில் இந்தோனேசியாவின் மேடானுக்கு வேலைக்குப் போனவர். போருக்குப் பின் திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். இந்த நாவலை எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அது அச்சேறியது. வந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. இன்று தமிழின் முதன்மையான நாவல்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. பினாங்கும் மேடானும் ஜப்பான்காரன் காலமும் வருகிற அந்தக் கதையின் முதல் அச்சு, கடலோரத்துப் பள்ளி ஒன்றில் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்திருக்கிறது. அது தப்பித்ததற்குக் காரணம் ஒரு பிள்ளை புத்தகத்தைத் திருப்பித் தராததுதான். நான் அல்ல.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த 312-இல் வேறு என்னென்ன இருந்தன?

அதற்கு விடை தேடித்தான் இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். எனக்குப் பாடம் சொன்னவர் சென்ட்ரல் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒரு பெரியவர். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் அவர் அப்பா கடை வைத்திருந்தாராம். ஒரு புத்தகத்தை எடுத்தால் அட்டையைப் பார்க்கமாட்டார். கட்டை விரலால் தலைப்புப் பக்கத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். “அட்டைய யார் வேணா மாத்தலாம் டீச்சர். இத மாத்துறது கஷ்டம்” என்பார்.

அந்தப் பக்கத்தில் முதலில் நம்மை ஏமாற்றுவதே ‘முதற் பதிப்பு’ என்ற சொல்தான். நம் பதிப்பகங்கள் அதை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் எத்தனையோ பதிப்பகங்கள் அதை வெளியிட்டுவிட்டன. ஒவ்வொன்றும் ‘முதற் பதிப்பு’ என்று தான் வெளியிட்ட ஆண்டைப் போட்டிருக்கும். அது பொய்யில்லை, அந்தப் பதிப்பகத்துக்கு அது முதல் பதிப்புதான். ஆனால் நாவலுக்கு முதல் பதிப்பு அல்ல. கவனமான பதிப்பகங்கள் முதலில் எந்த ஆண்டு, யார் வெளியிட்டார்கள், தங்கள் பதிப்பு எப்போது என்று தனித்தனியாகப் போடுகின்றன. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே ‘முதற் பதிப்பு’ என்று கண்டவுடன் கேட்க வேண்டிய கேள்வி: யாருடைய முதற் பதிப்பு? நாவல் எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகத்தில் முதலில் வந்தது என்பது தெரியாமல் இதற்கு விடை கிடைக்காது. சுந்தர ராமசாமியின் ஒரு புளியமரத்தின் கதை 1966-இல் தமிழ்ப் புத்தகாலயத்தில் வந்தது. அவருடைய ஜே.ஜே: சில குறிப்புகள் 1981-இல் க்ரியாவில் வந்தது. இந்தத் தகவல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வேறு பதிப்பகத்தின் பெயர் இருந்தால் புத்தகத்தை அமைதியாக அலமாரியில் வைத்துவிடலாம். தூக்கிப்போடச் சொல்லவில்லை, அதுவும் படிக்கத்தான்.

ஆண்டே போடாத புத்தகங்களும், அந்தத் தாளே கிழிந்துபோன புத்தகங்களும் நம்மிடம் நிறைய. அங்கேதான் இது சுவையான வேலையாகிறது. நம் வகுப்பறைக்கும் அங்கேதான் வேலை இருக்கிறது.

கணக்கு ஆசிரியர்கள் விலையைப் பாருங்கள். ‘ரூ. 2-8-0’ என்று மூன்று எண்கள் இருந்தால் அது ரூபாய், அணா, பை. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணயம் வந்தது. எனவே அந்த விலை அதற்கு முற்பட்ட அச்சு என்று பெரும்பாலும் நம்பலாம். ‘ந.பை.’ என்று இருந்தால் நயா பைசா. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’ என்ற சொல் போய்விட்டது. அதனால் அந்தப் புத்தகம் ஏறத்தாழ ஏழே ஆண்டு இடைவெளிக்குள் வந்துவிடுகிறது. விலையின் மேல் சீட்டு ஒட்டியிருந்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியில் இருப்பதைப் படியுங்கள். பிய்க்காதீர்கள்.

முகவரியும் பேசும். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமானது. அதற்கு முன் ராயபுரம் என்றால் ‘சென்னை-13’. 600 013 என்று ஆறு இலக்கம் இருந்தால் அந்தத் தாள் அதற்குப் பின் அச்சானது. 1966-இன் முதல் பதிப்பு என்று சொல்லிக்கொள்ளும் புத்தகத்தில் ஆறு இலக்கம் இருந்தால் அது மறு அச்சு. சர்வதேசத் தர நூல் எண்ணும் அப்படித்தான். 978 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண் 2007 ஜனவரி முதல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் பத்து இலக்கம். பழைய நாவலில் இந்த எண் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஒரு பொறி இருக்கிறது. தமிழ் ஆர்வம் மிக்க சில பதிப்பகங்கள் திருவள்ளுவர் ஆண்டைப் போடும். நம் ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் அது. 1966-இல் வந்த நூலில் 1997 என்று இருக்கும். அவசரத்தில் பார்த்தால் நேற்று வந்த புத்தகம் என்று கட்டில் தூக்கிப் போட்டுவிடுவோம். நான் எத்தனை போட்டேனோ!

இனி அந்தப் பிள்ளை கேட்ட ‘லை’க்கு வருகிறேன். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்டது. பதின்மூன்று எழுத்துகள் மாறின. ணை, னை, லை, ளை நான்கும் தும்பிக்கை போன்ற வளைவை இழந்து இன்றைய வடிவத்துக்கு வந்தன. ணா, றா, னா மூன்றும், அவற்றோடு சேர்ந்த ஒகர, ஓகார எழுத்துகள் ஆறும் கூட மாறின. நாற்பதுகளில் இருக்கும் நாமெல்லாம் புதிய எழுத்தில் அரிச்சுவடி படித்தவர்கள். நம் அம்மாக்களின் கடிதங்களில் பழைய எழுத்தைப் பார்த்திருப்போம். ஆக, 1966 என்று சொல்லும் ஒரு நாவல் இன்றைய ‘லை’யோடு இருந்தால் சந்தேகப்பட வேண்டும். விதிவிலக்கு உண்டு. பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் இந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார், அதனால் அந்த இயக்கத்தின் வெளியீடுகளை இந்த அளவுகோலால் அளக்கக் கூடாது. இன்னொன்று, இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வேலை செய்யும். பழைய எழுத்து இருப்பதாலேயே அது முதல் பதிப்பு ஆகிவிடாது. ஆணை வந்த மறுநாளே அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளை உருக்கிவிடவில்லை. பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து ஆஃப்செட்டில் போட்ட மறு அச்சுகளும் உண்டு.

அதைக் கண்டுபிடிக்க விரல் போதும். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த தாளில் எழுத்து லேசாகப் பதிந்திருக்கும். பின்பக்கத்தில் கண்ணை மூடித் தடவினால் மேடு தட்டுப்படும். ஆஃப்செட் தாள் வழவழவென்று இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டு தாளைக் கொடுத்துப் பாருங்கள், நம்மைவிட வேகமாகச் சொல்லிவிடுவார்கள்.

அச்சகத்தின் பெயர் ஏன் எல்லாப் பழைய புத்தகத்திலும் இருக்கிறது தெரியுமா? மரியாதைக்காக அல்ல. 1867-ஆம் ஆண்டு அச்சகம் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், அச்சிட்டவர் பெயரும் இடமும், வெளியிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. யார் என்ன அச்சிடுகிறார்கள் என்று வெள்ளைக்காரன் கண்காணிக்கப் போட்ட சட்டம் இன்று நமக்குத் துப்புத் துலக்க உதவுகிறது. ஒரே பதிப்பகம், ஒரே நாவல், ஆனால் இரண்டு பிரதிகளில் அச்சகம் வேறு வேறு என்றால் அவை இரண்டு வெவ்வேறு அச்சுகள்.

புத்தகத்தின் மற்ற பக்கங்களும் காட்டிக்கொடுக்கும். ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள் நல்ல எடுத்துக்காட்டு. தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தொடராக வந்து, 1970-இல் இன்று நாம் அறிந்த பெயரில் மீனாட்சி புத்தக நிலைய வெளியீடாக நூலாயிற்று. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அட்டையிலோ உள்ளேயோ விருதைப் பற்றிய வரி இருந்தால் அது 1970-இன் அச்சாக இருக்க முடியாது. திரைப்படத்தில் நடித்த லட்சுமியின் படம் அட்டையில் இருந்தால் இன்னும் பிந்தியது. இதற்கெல்லாம் ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம். பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைக்க முடியாது என்கிற பொது அறிவு போதும். கடைசிப் பக்கத்தில் ‘எங்கள் பிற வெளியீடுகள்’ என்று ஒரு பட்டியல் இருந்தால் அதையும் பாருங்கள். அதில் பிந்தைய ஆண்டில் வந்த நூல் ஒன்று இருந்தாலே போதும்.

ஆங்கிலப் புத்தகங்களில் வேறு வழி. விவரப் பக்கத்தில் 10 9 8 7 என்று தொடங்கி 1 வரை ஓர் எண் வரிசை இருக்கும். ஒவ்வொரு மறு அச்சிலும் கடைசி எண் நீக்கப்படும். 1 இருந்தால் முதல் அச்சு. ஹாரி பாட்டர் முதல் நூல் 1997-இல் லண்டனில் கெட்டி அட்டையில் 500 பிரதிகள்தான் அச்சானது. மந்திரப் பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல் 53-ஆம் பக்கத்தில் வரும், அதில் ‘ஒரு மந்திரக்கோல்’ தவறுதலாக இரண்டு முறை அச்சாகியிருக்கும். இன்று ஏலத்தில் பெரும் விலைக்குப் போகிறது. இதை இங்கே சொல்லக் காரணம் விலை அல்ல. அந்த 500-இல் சுமார் 300 பிரதிகள் நூலகங்களுக்குப் போனவை. பிள்ளைகள் எடுத்துப் படித்து, முத்திரை குத்தி, ஓரம் மடிந்த பிரதிகள். நம்முடையது போலவே.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு, எனக்கு அது மிகவும் பிடித்த சிக்கல். நம் நாவல்களில் பலவற்றுக்கு முதல் உடல் புத்தகமே அல்ல, பத்திரிகைத் தொடர். ராஜம் அய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்து 1896-இல்தான் நூலானது. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் மணியம் ஓவியங்களோடு வந்தது. ராயபுரத்தில் என் பெரியம்மா வீட்டில் அந்தத் தொடரைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொகுதி ஒன்று இருந்தது. ஒரு பக்கம் வந்தியத்தேவன், மறுபக்கம் தலைவலித் தைலம். அது முதல் பதிப்பா? சேகரிப்பவர்களின் கணக்கில் இல்லை, அதை முதல் வெளியீடு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆனால் நூலில் வராத ஓவியங்களும், வாரக் கடைசியில் கதையை எங்கே நிறுத்தினார் என்பதும் அதில்தான் இருக்கும். வீடு மாற்றும்போது பெரியம்மா அதை எடைக்குப் போட்டுவிட்டார். நான் அவரைக் குறை சொல்லும் நிலையில் இல்லை.

நம் ஊரின் எதிரி உப்புக்காற்று. கம்பி தைத்த புத்தகங்களில் கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எந்தப் பள்ளி அலமாரியிலும் இதைப் பார்க்கலாம். சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தோடு உரிந்து வரும். பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது அட்டையையும் விவரத் தாளையும் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள், ஓரம் வெட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நூலக முத்திரை குத்தியதால் புத்தகம் கெட்டுவிட்டது என்று சேகரிப்பவர்கள் நினைப்பார்கள். நமக்கு அது சாட்சி. எங்கள் சிங்காரத்தில் பள்ளி முத்திரையும் பதிவு எண்ணும் இருந்தன. பழைய பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடினேன். 1973-இல் வாங்கியதாக இருந்தது. புத்தகம் அதற்கு முன் அச்சாகியிருக்க வேண்டும் என்பதற்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?

ஐயம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க இடங்கள் உண்டு. கன்னிமாரா நூலகத்துக்கு நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்து சேர வேண்டும். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் தனி ஒருவராக ரோஜா முத்தையா சேர்த்தவைதான் அதன் அடித்தளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல பழைய நூல்களின் விவரப் பக்கத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

இத்தனையும் கற்றுக்கொண்டு, என்னுடைய அந்த அழகான பட்டியலை மறுபடி எடுத்தேன். ஆண்டு எழுதவில்லை. பதிப்பகம் எழுதவில்லை. ஆனால் விலை எழுதியிருந்தேன், புத்தகத்தில் இருந்தபடியே. 312 வரிகளில் பதினேழு இடத்தில் அணாவும் பையும். நாற்பத்தொரு இடத்தில் ந.பை. எழுதும்போது அது என்ன என்றுகூட யோசிக்காமல் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்த ஐம்பத்தெட்டில் எத்தனை நாவல்கள், எத்தனை முதல் பதிப்பு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. குறிஞ்சித்தேன் என்று ஒரு வரி இருக்கிறது, ராஜம் கிருஷ்ணன் என்றும் இருக்கிறது. எந்த அச்சு? தெரியாது. அந்தப் பட்டியலின் நகலை இங்கே கொண்டுவந்திருக்கிறேன், தேநீர் இடைவேளையில் பாருங்கள். உங்கள் படிவத்தில் ஆண்டு, பதிப்பகம், அச்சகம் என்று மூன்று பத்திகள் கூடுதலாகப் போட்டுக்கொண்டால் அரை நாள் வேலை அதிகமாகும், அவ்வளவுதான்.

சிங்காரத்தின் கதையை முடிக்கவில்லை. அது அரிய பிரதி என்று தெரிந்தபின் எனக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்து, புதிய பதிப்பு ஒன்றை என் காசில் வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். நான்கு நாளில் திரும்பி வந்தாள்.

“ஆயா அந்தப் பழைய புக்கத்தான் கேக்குது மிஸ். இதுல நான் தடுமாறவே மாட்டேங்கிறனாம். சொல்லிக்குடுக்க ஒண்ணுமில்லாம சும்மா உக்காந்து கேக்கப் புடிக்கலயாம்.”

தோணி புயலில் சிக்கும் இடம் இன்னும் வரவில்லை என்றாள். பீரோவைத் திறந்து, பழைய பிரதிக்குக் காக்கி அட்டை போட்டு, பதிவேட்டில் தேதி எழுதிக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. ஒரு தாள்கூட மடியவில்லை. உள்ளே அடையாளத்துக்கு வைத்த 56-ஆம் நம்பர் பஸ் டிக்கெட் மட்டும் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை.